மஹாலே மலைக்காட்டில் சிம்பன்சிகளைப் பார்க்க: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தான்சானியாவின் மேற்கு ஓரத்தில், தாங்கனிக்கா ஏரிக்கரையில் இருக்கிறது மஹாலே மலைத் தேசியப் பூங்கா. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 773 மீட்டர். கரையிலிருந்து நேராக மேலேறும் மலைத்தொடரின் உச்சியான குங்வே சிகரம் 2,462 மீட்டர். இடையில் உள்ளதெல்லாம் காடு. சுமார் 1,613 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்கா 1985இல் அறிவிக்கப்பட்டது. இதற்குள் வண்டி ஓடும் சாலை கிடையாது. படகில் வந்து இறங்கி, பிறகு நடக்க வேண்டும். ஜீப்பில் உட்கார்ந்தபடி சிங்கம் பார்க்கும் செரங்கெட்டி பயணம் ஒன்று, இது வேறொன்று.

சிம்பன்சிகளைப் பார்க்க உகாண்டாவின் கிபாலே, ருவாண்டாவின் நியுங்வே என்று வேறு காடுகளும் உண்டு. இதே ஏரிக்கரையில் வடக்கே கோம்பே இருக்கிறது. 2025 அக்டோபரில் மறைந்த ஜேன் குடால் 1960இல் ஆய்வைத் தொடங்கிய இடம் அது. கிகோமா நகரத்துக்குப் பக்கம் என்பதால் கோம்பேக்குப் போவது எளிது. நாளும் பணமும் குறைவாக இருந்தால் கோம்பே போய்வாருங்கள், அதில் குறையொன்றும் இல்லை. மூன்று நான்கு நாள் ஒதுக்க முடியுமென்றால் என் ஓட்டு மஹாலேவுக்குத்தான். காடு பெரிது, கூட்டம் குறைவு. மனிதரைக் கண்டு ஓடாத அளவுக்குப் பழகிய சிம்பன்சிக் குழு ஒன்றும் அங்கே இருக்கிறது.

அந்தக் குழுவின் பெயர் எம் (M) குழு. ஏறக்குறைய அறுபது உருப்படிகள். கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோஷிசாதா நிஷிதா 1965இல் இங்கே ஆய்வைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் கரும்பு வைத்துத்தான் சிம்பன்சிகளைப் பக்கத்தில் வரவழைத்தார்கள். 1987இல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். இன்று அவை நம்மைப் பொருட்படுத்தாமல் தங்கள் வேலையைப் பார்ப்பதற்குப் பின்னால் மூன்று தலைமுறை ஆய்வாளர்களின், உள்ளூர்த் தடம்பார்ப்பவர்களின் பொறுமை இருக்கிறது. அந்தத் தடம்பார்ப்பவர்களில் பலர் தொங்வே இனத்தவர். பூங்கா வருவதற்கு முன் இந்த மலைச்சரிவுகளில் அவர்களுடைய ஊர்கள் இருந்தன. பூங்காவுக்காக அவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. குங்வே மலை இன்றும் அவர்களுக்குப் புனிதம். வழிகாட்டியாக வருகிறவரிடம் காட்டைப் பற்றிக் கேட்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள். அவர் பாட்டனார் ஊர் நீங்கள் நடக்கும் பாதையிலேயே இருந்திருக்கலாம்.

எந்த மாதத்தில் போவது

ஜூன் முதல் அக்டோபர் வரை மழையில்லாத காலம். அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் சிறந்தவை. அப்போது சிம்பன்சிகள் பெரும்பாலும் தாழ்வான சரிவுகளுக்கு இறங்கி வந்திருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். சில நாட்களில் அரை மணி நடையிலேயே பார்த்துவிடலாம். ஜூனில் அவை மேலே இருக்க வாய்ப்பு அதிகம், மூன்று நான்கு மணி நேரம் ஏற வேண்டி வரலாம். நவம்பரில் மழை தொடங்கிவிடும். மார்ச் நடுவிலிருந்து மே வரை அடைமழை, அந்தச் சமயத்தில் தனியார் முகாம்கள் மூடியிருக்கும்.

புறப்படும் முன் உடம்பு

இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். காட்டில் நமக்கு என்ன ஆபத்து என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நம்மால் அவற்றுக்கு வரும் ஆபத்து அதைவிடப் பெரிது. சிம்பன்சிக்கும் நமக்கும் மரபணுவில் ஏறக்குறைய 98 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை, ஆகவே நமக்கு வரும் சளியும் காய்ச்சலும் அவற்றுக்கும் வரும். நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போய்விடும் கிருமியைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி அவற்றுக்கு இல்லை. 2006இல் எம் குழுவில் மூச்சுத்தொற்று பரவிப் பல சிம்பன்சிகள் செத்துப்போயின. மனிதரிடம் காணப்படும் ஒரு வகை வைரஸ் அவற்றிடம் இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. அறுபது பேர் கொண்ட ஒரு குடும்பத்தில் பத்துப் பேரை இழப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சிம்பன்சித் தாய் இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் ஐந்தாறு ஆண்டு விடுகிறாள். இழந்த எண்ணிக்கை திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும்.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே சளி, இருமல் உள்ளவர்களிடமிருந்து தள்ளியிருங்கள். ஃபுளூ காய்ச்சல் தடுப்பூசி, கொரோனா தடுப்பூசி இரண்டையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு தொண்டை கரகரத்தால் வழிகாட்டியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு முகாமில் இருந்துவிடுங்கள். இத்தனை செலவு செய்து வந்துவிட்டோமே என்று மாத்திரை போட்டுக்கொண்டு போகும் எண்ணம் வரும். தயவுசெய்து போகாதீர்கள். சிறு பிள்ளைகளுக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லாததற்கும் இதுவே காரணம், அவர்களுக்குத்தான் சளி அடிக்கடி பிடிக்கும். குடும்பமாகப் போகிறவர்கள் இப்போதைய வயது வரம்பைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம் உடம்பு. ஏரிக்கரை முழுக்க மலேரியாப் பகுதி. தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், திரும்பிய பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு போவதே நல்லது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பலர் நைரோபி அல்லது அடிஸ் அபாபாவில் விமானம் மாறுகிறார்கள். கென்யாவும் எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். அங்கே இடைத்தங்கல் 12 மணி நேரத்தைத் தாண்டினால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள், திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலும் சிக்கல் வரலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மஞ்சள் நிறச் சான்றிதழ்ப் புத்தகத்தைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வையுங்கள்.

மலையேற்றப் பழக்கம் வேண்டுமா என்று பலரும் கேட்பதுண்டு. பெரிய பயிற்சி தேவையில்லை. ஆனால் ஈரப்புழுக்கத்தில், வேர்களும் கொடிகளும் பின்னிய செங்குத்தான சரிவில், இரண்டு மூன்று மணி நேரம் ஏறி இறங்கும் முழங்கால் வேண்டும். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் படி ஏறி இறங்கிப் பழகினால் போதும்.

போய்ச் சேரும் வழி

தான்சானியாவுக்கு இணைய வழியில் விசா எடுக்கலாம். மும்பையிலிருந்து தார் எஸ் சலாமுக்கு நேரடி விமானம் உண்டு, வளைகுடா வழியாகவும் போகலாம். தாரிலிருந்து மஹாலேவுக்கு இரண்டு வழி.

முதலாவது, பணம் இருந்தால் நாள் மிச்சமாகும் வழி. தான்சானியாவின் வடக்கே இருக்கும் அருஷா நகரத்திலிருந்து சிறு விமானங்கள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மேற்கே பறக்கின்றன, பெரும்பாலும் கடாவி பூங்காவையும் தொட்டுக்கொண்டு. பூங்காவின் வடக்கே ஒரு மண் ஓடுதளத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மரப்படகில் ஒன்றரை மணி நேரம் தெற்கே போனால் முகாம். வாரத்தில் இரண்டே நாள் என்பதால் மூன்று இரவு அல்லது நான்கு இரவு என்றுதான் பயணம் அமையும். அது நல்லதுதான், ஏன் என்று பிறகு சொல்கிறேன். சாமான் 15 கிலோவுக்கு மேல் கூடாது, துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் வயிற்றுக்குள் நுழையாது.

இரண்டாவது, கிகோமா வழி. தாரிலிருந்து கிகோமாவுக்கு உள்நாட்டு விமானம் இருக்கிறது. ஜெர்மானியர் காலத்தில் போட்ட மத்திய ரயில் பாதையும் இருக்கிறது. 1914இல் ஏரியைத் தொட்ட இந்தப் பாதையில் சுமார் 1,250 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு ரயில் அருமையான அனுபவம். கிகோமாவிலிருந்து மஹாலே நீர்வழியில் சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே. வேகப்படகை வாடகைக்கு எடுத்தால் நான்கைந்து மணி நேரத்தில் போய்விடலாம், வாடகை அதிகம், நான்கைந்து பேர் பங்குபோட்டால் கட்டுப்படியாகும். கரையோர ஊர்களுக்கு ஓடும் சரக்கு மரப்படகிலும் போகலாம். கோழி, மூட்டை, மண்ணெண்ணெய்க் கேன் எல்லாவற்றோடும் இரவு முழுக்கப் போகும். பாதுகாப்பு மிதவை இருக்காது. காற்று கிளம்பினால் இந்த ஏரியின் அலை கடலலை போலவே அடிக்கும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லியம்பா கப்பலைப் பற்றிப் படித்துவிட்டு அதிலேயே போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. 1913இல் ஜெர்மனியில் கட்டி, பிரித்து, பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்து கிகோமாவில் பூட்டிய கப்பல் அது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் தாங்களே மூழ்கடித்தார்கள். பின்னர் ஆங்கிலேயர் அதை மேலே எடுத்து 1927இல் மறுபடி ஓடவிட்டார்கள். ஆசைப்படத் தகுந்த கப்பல்தான். ஆனால் சீரமைப்புக்காகப் பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற கப்பல் அது. ஓடுகிறதா என்று கிகோமா துறைமுகத்தில் உறுதி செய்யாமல் பயணத் திட்டத்தை அதன்மேல் கட்டாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் படகை விடியற்காலையில் எடுக்கச் சொல்லுங்கள். வறண்ட மாதங்களில் மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து காற்று வீசும். காலையில் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும் ஏரி மாலையில் ஆளை நனைத்துவிடும். மிதவைச் சட்டை இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தங்குமிடமும் கட்டணமும்

கரையோரத்தில் ஓரிரு தனியார் முகாம்கள் இருக்கின்றன. நடை, படகு, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்த விலை, விலையும் உயரம்தான். சிக்கனமாகப் போகிறவர்களுக்குக் கசிஹா என்ற இடத்தில் பூங்கா நிர்வாகத்தின் குடில்கள் உள்ளன. அங்கே தங்குவதானால் அரிசி, பருப்பு, எண்ணெய் உட்பட எல்லாவற்றையும் கிகோமாவிலேயே வாங்கிவிட வேண்டும். பூங்காவுக்குள் கடை இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் முகாமுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். காய்கறி வர விமானமோ படகோ வர வேண்டும், போன பிறகு கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பூங்காக் கட்டணம் 24 மணி நேரக் கணக்கில். அதன்மேல் வாட் வரி. ரொக்கமாக வாங்குவதில்லை, முன்பே கட்டிவிட வேண்டும் அல்லது அட்டையில் கட்ட வேண்டும். கட்டணம் அடிக்கடி மாறுவதால் தான்சானியத் தேசியப் பூங்காக்கள் நிர்வாகத்தின் அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிகோமாவைத் தாண்டினால் ஏ.டி.எம். கிடையாது. வழிகாட்டிக்கும் தடம்பார்ப்பவர்களுக்கும் அன்பளிப்புக்கான பணத்தை ஷில்லிங்காக எடுத்து வையுங்கள்.

பையில் என்ன வைப்பது

முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, மங்கிய நிறம். பழகிய, பிடிமானமுள்ள காலணி. காலுறை மிக முக்கியம். சியாஃபு எனப்படும் படையெறும்புகள் பாதையைக் கடக்கும்போது நின்றுவிட்டால் நொடியில் தொடைவரை ஏறிவிடும், ஒவ்வொன்றையும் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வழிகாட்டி ‘சியாஃபு’ என்றதும் நிற்காமல் எட்டு வைத்துத் தாண்டிவிடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, தலைவிளக்கு, உப்புச்சர்க்கரைப் பொட்டலம். பிளாஸ்டிக் கைப்பைகளைத் தான்சானியா 2019இல் தடை செய்துவிட்டது, விமானம் ஏறும் முன்பே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

கேமராவில் 70-200 மி.மீ. லென்ஸ் போதும். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, ஆகவே நீளமான லென்ஸைவிட அகன்ற துளையுள்ள லென்ஸ் உதவும். ஃபிளாஷ் கூடாது. கறுத்த உடம்பு, பின்னால் வெளிர்வானம் என்ற நிலையில் கேமரா தானாகக் கணிக்கும் ஒளியளவு முகத்தை இருட்டாக்கிவிடும், ஓரிரு படி கூட்டி வையுங்கள்.

காட்டுக்குள் ஒரு நாள்

சிம்பன்சிகள் ஒவ்வொரு மாலையும் மரத்தில் கிளைகளை மடித்துப் புதிதாகக் கூடு கட்டித் தூங்கும். முதல் நாள் மாலை அவை தூங்கப் போன திசையைத் தடம்பார்ப்பவர்கள் குறித்துவைத்திருப்பார்கள். விடியும்போதே கிளம்பிக் கூவலைக் கேட்பார்கள். மெல்ல ஆரம்பித்து, மூச்சு வாங்கி வாங்கி ஏறி, அலறலாக உடையும் அந்தக் கூவல் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குக் கேட்கும். இடம் தெரிந்ததும் முகாமுக்குத் தகவல் வரும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் கிளம்புவீர்கள். ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் இல்லை.

சிம்பன்சிகளை நெருங்கியதும் வழிகாட்டி நிறுத்துவார். பையைக் கீழே வைத்துவிட்டு முகக்கவசம் போட வேண்டும். இங்கிருந்து ஒரு மணி நேரக் கணக்கு தொடங்குகிறது. மூக்கையும் சேர்த்து மூடுங்கள். வியர்க்கும், மூச்சு முட்டும், கண்ணாடி போடுபவர்களுக்கு ஆவி படியும். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் கழற்றாதீர்கள். இடைவெளி 10 மீட்டர். அவை நம்மை நோக்கி வந்தால் நாம்தான் பாதையை விட்டு ஒதுங்க வேண்டும். சாப்பிடுவது, எச்சில் துப்புவது கூடாது. தும்மல் வந்தால் திரும்பி முழங்கையில் தும்மிவிட்டுப் பின்னால் போய்விடுங்கள். இயற்கை உபாதை என்றால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், தள்ளிப்போய் ஆழமாகக் குழி தோண்டி மூட வேண்டும்.

ஆண் சிம்பன்சி ஒன்று மயிர் சிலிர்த்து, கிளையை இழுத்துக்கொண்டு, பலகை போல் விரிந்த மரவேர்களை உதைத்துச் சத்தம் எழுப்பியபடி உங்கள் பக்கம் பாயலாம். தன் குழுவுக்குப் பலத்தைக் காட்டும் ஆட்டம் அது, பெரும்பாலும் உங்களைத் தாண்டிப் போய்விடும். ஓடாதீர்கள். எல்லோரும் ஒட்டி நின்று பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மட்டும் எந்த நிலையிலும் போய் நின்றுவிடக் கூடாது.

முதல் பத்து நிமிடம் கேமராவை எடுக்காமல் இருந்து பாருங்கள். அப்போதுதான் கண்ணில் படும் விஷயங்கள் உண்டு. இரண்டு பெரிய ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கோத்துக்கொண்டு, மற்றக் கையால் ஒருவர் அக்குளை மற்றவர் கிளறிச் சுத்தம் செய்வார்கள். உதடு சப்புக்கொட்டும் சத்தம் தெளிவாகக் கேட்கும். இந்தக் கைகோத்தலை ஆய்வாளர்கள் 1970களில் முதலில் விவரித்தது மஹாலேவில்தான். ஓர் இளைய ஆண் ஓர் இலையை எடுத்துப் பல்லால் நார்நாராகக் கிழிக்கும். தின்பதற்காக இல்லை, கிழியும் சத்தத்தால் ஒரு பெண்ணின் கவனத்தைத் திருப்புவதற்காக. கோம்பே சிம்பன்சிகள் புற்றுக்குள் குச்சி விட்டுக் கரையான் எடுப்பது பலருக்குத் தெரியும். எம் குழுவோ மரப்பொந்துக்குள் மெல்லிய குச்சியை விட்டு எறும்பை இழுத்துத் தின்கிறது. ஒரே ஏரிக்கரை, ஆனால் ஊருக்கு ஊர் பழக்கம் வேறு.

1987இல் இங்கே நடந்த ஒன்றை வழிகாட்டிகளிடம் கேட்டால் உற்சாகமாகச் சொல்வார்கள். சௌசிகு என்ற பெண் சிம்பன்சி நோயுற்றுச் சோர்ந்து கிடந்தாள். திடீரென்று ஒரு செடியின் தண்டை ஒடித்து, தோலை உரித்து, உள்ளே இருந்த கசப்பான சோற்றை மென்று சாறை விழுங்கினாள். சிம்பன்சிகள் வழக்கமாகத் தொடாத செடி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மனும், தொங்வே இனத்து மருத்துவ அறிவுள்ள மொஹமதி செய்ஃபு கலுண்டேவும். தங்கள் மக்கள் வயிற்றுக் கோளாறுக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் மருந்து இது என்று கலுண்டே சொன்னார். மறுநாள் சௌசிகு தேறிவிட்டாள். விலங்குகள் தமக்குத் தாமே மருத்துவம் செய்துகொள்வது பற்றிய ஆய்வுகளுக்கு இது பெரிய தூண்டுதலானது. அந்தச் செடியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மூன்று இரவாவது தங்குங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான். முதல் நாள் அவை மரத்தின் உச்சியில் பழம் தின்றுகொண்டிருக்கலாம், அடிவயிறும் பாதமும் மட்டுமே தெரியும். இன்னொரு நாள் கூவலே கேட்காமல் போகலாம். இரண்டாம், மூன்றாம் நாள்தான் முகங்கள் பிரித்துத் தெரிய ஆரம்பிக்கும், யார் யாருக்குப் பிள்ளை என்று புரியும். ஒரே நாளில் பார்த்துவிட்டு ஓடிவரத் திட்டமிடுபவர்கள், வழிகாட்டியை ‘இன்னும் கிட்டே போகலாமா’ என்று நெருக்குவார்கள். நாள் இருந்தால் அந்த அவசரம் வராது.

மிச்ச நேரம்

மதியங்களில் சிவப்புக் கொலோபஸ் குரங்குகளைப் பார்க்கலாம், அருவி வரை நடக்கலாம். குங்வே சிகரம் ஏறுவது கூடாரத்தோடு போகும் தனிப் பயணம், முதல் தடவைக்கு வேண்டாம். ஏரி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், குதிக்கத் தோன்றும். முதலையும் நீர்யானையும் உள்ள ஏரி என்பதால் முகாம்காரர்கள் காட்டும் இடத்தில், காட்டும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். நிலவில்லாத இரவுகளில் பூங்கா எல்லைக்கு வெளியே மீனவர் படகுகள் விளக்கேற்றி டகா என்ற பொடிமீன் பிடிப்பது தெரியும். கிகோமா சந்தையில் அதையே காயவைத்து விற்கிறார்கள், நம் நெத்திலிக் கருவாட்டின் ருசிக்கு மிகப் பக்கம்.

திரும்பும் நாளில்

சிறு விமானமும் படகும் காற்றைப் பார்த்துத்தான் கிளம்பும். ஆகவே ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கு முன் தாரில் ஓர் இரவாவது கையிருப்பாக வையுங்கள், ரயிலில் திரும்புகிறவர்கள் இரண்டு இரவு. வீட்டுக்கு வந்து சில வாரங்களில், ஏன் சில மாதங்களில்கூட, காய்ச்சல் வந்தால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லி, அன்றே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.